அசலே வேணுமாம்

வேலூர்ப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் வளைகுடா. சி.எம்.சி.யில் நர்சிங் முடித்த பிள்ளைகள் என்றால் இங்கிலாந்து. வி.ஐ.டி. பிள்ளைகள் என்றால் அமெரிக்கா, இப்போது ஜெர்மனி. போனவர்கள் போய்விடுகிறார்கள், அவர்களுடைய காகிதங்கள் மட்டும் இங்கே பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கின்றன. அவ்வப்போது ஒரு போன் வரும்: "அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொஞ்சம் அனுப்பி வையேன். அசலே வேணுமாம்."

எங்கள் வீட்டில் அந்தப் போன் எனக்குத்தான். அக்கா டொரோண்டோவில், அண்ணன் மகன் ஜெர்மனியில், சித்தப்பா குடும்பம் துபாயில். சத்துவாச்சாரியிலேயே தங்கிவிட்ட நான் எல்லோருக்கும் டெஸ்பாட்ச் கிளார்க். இப்போது தெருவில் யாருக்காவது வெளிநாட்டுக்குக் காகிதம் அனுப்ப வேண்டுமென்றாலும் என்னிடம் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கூரியர்மா நல்லது?"

அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் நான் திருப்பிக் கேட்பது, இது தொலைந்தால் மறுபடி எடுக்க முடியுமா என்று.

பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பத்திரமாக வைத்திருக்கும் அந்தத் தாள் ஒரு நகல்தான். உண்மையான பதிவு மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ பதிவேட்டில் இருக்கிறது. கணினியில் ஏறிய பதிவு என்றால் அரசுத் தளத்திலேயே கியூ.ஆர். குறியீட்டோடு இறக்கிக்கொள்ளலாம். பழைய பதிவு என்றால் ஒரு நடை அலைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சொத்துப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் படி இருக்கிறது. சான்றிட்ட நகல் கேட்டால் கொடுப்பார்கள். வில்லங்கச் சான்றுக்கு அலையவே வேண்டாம், பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். இந்த வகைக் காகிதங்களைத் தைரியமாக அனுப்பலாம். முடிந்தால் அனுப்புவதற்கென்றே புதிதாக ஒரு நகல் எடுத்து, வீட்டில் இருப்பதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

தாத்தா காலத்துத் தாய்ப் பத்திரத்தின் அசல், பதிவு செய்யாத பாகப் பிரிவினைத் தாள், பட்டச் சான்றிதழ் இவையெல்லாம் வேறு. பத்திரத்தின் அசல் போனால் போலீஸில் புகார், நாளிதழில் விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்று என்று இழுக்கும். அத்தனையும் முடிந்த பிறகும் வாங்க வருகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பதிவே செய்யாத தாள் போனால் போனதுதான். இந்த வகையை எந்தக் கூரியரிலும் நான் அனுப்புவதில்லை. எவ்வளவு காசு கொடுத்தாலும் சரி.

அடுத்தது, 'அசல் வேணுமாம்' என்பதில் வரும் 'ஆம்'. யார் சொன்னது? பாதி நேரம் அங்கே இருக்கும் நண்பரின் நண்பர் சொல்லியிருப்பார். அலுவலகத்தின் தளத்தைத் திறந்து பார்த்தால் சான்றிட்ட நகல் போதும் என்று இருக்கும், அல்லது ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லியிருக்கும். கனடாவின் குடியேற்ற விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையத்தில் ஏற்றுவதுதான். அக்காவிடம் அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்பச் சொன்னாலே பல கவர்கள் கிளம்பாமல் நின்றுவிடும்.

உண்மையிலேயே தாள் போக வேண்டும் என்றால், போவதற்கு முன் இங்கே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: அப்போஸ்டில். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு நம்புவதற்காக 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தரும் சான்று அது. இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநில அரசின் சான்றொப்பம் முதலில், அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் ஸ்டிக்கர். அமைச்சகம் நம்மிடம் நேரடியாக வாங்காது, நியமித்திருக்கும் முகமைகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கனடா இந்த உடன்படிக்கைக்குள் வந்ததே 2024 ஜனவரி 11 அன்றுதான். அதற்கு முன் தூதரகச் சான்று என்று வேறு பாதை. எமிரேட்ஸ் உறுப்பு நாடு இல்லை, அதனால் துபாய்க்குப் போகும் சான்றிதழுக்கு இன்றைக்கும் தூதரக முத்திரைதான். ஜெர்மனி உறுப்பு நாடுதான், ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஆட்சேபம் தெரிவித்த நாடு. ஆகவே நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது. இது தெரியாமல் காசு கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஏஜென்ட் சொல்ல மாட்டார். அவருக்கு ஸ்டிக்கர் ஒட்டினால்தானே வருமானம்.

இன்னொன்று, லேமினேஷன். நம் ஊரில் பாசத்தைக் காட்டும் வழிகளில் அது ஒன்று. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக்கில் அடைத்துவிடுவோம். அதன்மேல் முத்திரை விழாது, பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். தயவுசெய்து எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ஃபைலில் போட்டு வைத்தால் போதும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. அக்காவின் சான்றிதழில் 'வட ஆற்காடு மாவட்டம்'. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், இந்தப் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, அந்தப் பாதி திருவண்ணாமலை சம்புவராயர். அதனால் அண்ணன் மகனின் சான்றிதழில் அம்பேத்கர் பெயர். பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் மறுபடி மூன்றாகப் பிரிந்து, வாலாஜா பக்கம் இருக்கும் எங்கள் நிலம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரே குடும்பத்துக் காகிதங்களில் நான்கு மாவட்டப் பெயர்களைப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? இதற்கு நான் செய்வது, எந்த ஆண்டு எந்தப் பெயர் என்று ஒரு பக்கத்தில் நோட்டரி முன் உறுதிமொழி எழுதிக் கவரில் முதல் தாளாக வைப்பது. அவர்கள் கேள்வி கேட்டு, நாம் பதில் அனுப்பி, இன்னொரு கவர் கிளம்புவதற்கு இது எவ்வளவோ மேல்.

படிப்புக் காகிதங்களிலும் இதே கதை. சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன் வேலூரின் கலை, அறிவியல் கல்லூரிகளில் படித்து முடித்தவர்களுக்குப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. டிரான்ஸ்கிரிப்ட் கேட்டுச் சேர்க்காட்டுக்குப் போய்ப் பயனில்லை, சேப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டை மூடிய உறையில்தான் ஏற்கும். ஒட்டிய இடத்தின் மேல் பல்கலைக்கழகக் கையெழுத்தும் சீலும் குறுக்கே விழுந்திருக்க வேண்டும். அந்த உறையைச் "சரியாக இருக்கிறதா பார்ப்போம்" என்று வீட்டில் பிரித்துவிட்டால் கதை முடிந்தது. அப்படியே இன்னொரு பெரிய கவருக்குள் போட வேண்டும்.

சரி, கவருக்கு வருவோம். உள்ளே என்ன போகிறது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை.

"கவர்ல இடம் இருக்கு பாரு, கொஞ்சம் விபூதி மடிச்சு வச்சிடு. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல அவ பேர்ல அர்ச்சனை பண்ணது."

"அம்மா, அது வெறும் காகிதக் கவர்."

"விபூதி என்ன கனமா?"

கனம் இல்லை. ஆனால் 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தூளாக்கிக் கடிதத்தில் அனுப்பி ஆட்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு உறையிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டினால் அஞ்சல் நிலையத்தையே காலி செய்யும் அளவுக்குப் பயம். ஸ்கேனரில் சின்னப் பொட்டலமாகத் தெரிந்தால் பிரிப்பார்கள், பிரித்தால் சான்றிதழின் மேல் விபூதி அபிஷேகம். அதோடு, காகிதம் அல்லாத எது உள்ளே போனாலும் அந்தக் கவர் 'ஆவணம்' என்ற வகையிலிருந்து 'பொருள்' என்ற வகைக்கு மாறிவிடும். சுங்க அறிவிப்பு, மதிப்பு, வரி என்று எல்லாம் வரும். ஆற்காடு மக்கன் பேடாவுக்கும் இதே பதில்தான். அது தனிப் பார்சலில் போகட்டும்.

காகிதங்களை முதலில் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வைப்பேன். பழைய சான்றிதழில் பேனா மையில் எழுதியது ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பரவிவிடும். இரண்டு பக்கமும் அட்டை, புதுச் சட்டையோடு வரும் அட்டையே போதும். ஸ்டேப்ளர் பின் அடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள்: அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முழு முகவரி, போன் எண், உள்ளே இருப்பவற்றின் பட்டியல். வெளி உறையில் ஒட்டிய சீட்டு கிழிந்தாலும் இந்தத் தாள் கவரை வீட்டுக்குக் கொண்டுவரும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும், பின்பக்க முத்திரை உட்பட, போனில் ஸ்கேன் செய்து அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். வெளியே 'ஒரிஜினல் சர்ட்டிபிகேட்' என்று எழுதிக் கண் வைக்க இடம் கொடுப்பதில்லை.

பெறுபவர் பெயரில் தமிழர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நமக்குப் பெயரும் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. வீட்டில் ஆள் இல்லாமல் கவர் கனடாவின் அஞ்சலகத்தில் தங்கினால், அக்கா அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். உறையில் எழுதிய பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் பேச்சே இல்லை. இனிஷியல் வேண்டாம், பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

முகவரியும் ஊருக்கு ஊர் ஒரு மாதிரி. ஜெர்மனியில் தபால்காரர் கடிதப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்து, ஒப்பந்தம் போட்டவன் பெயரை மட்டும் ஒட்டியிருப்பார்கள். "அத்தை, கவர் திரும்பிப் போயிடுச்சாம்" என்று அண்ணன் மகன் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "டேய், பெட்டியில உன் பேர் இருக்கா?" இல்லை. இப்போது ஒப்பந்தம் போட்டவன் பெயரையும் 'கேர் ஆஃப்' என்று சேர்த்து எழுதுகிறேன். துபாயில் கடிதங்கள் பெரும்பாலும் அஞ்சல் பெட்டி எண்ணுக்குத்தான் போகும், கூரியர்காரர்களோ பெட்டி எண்ணை ஏற்காமல் கட்டடப் பெயரும் கைபேசி எண்ணும் கேட்பார்கள். எந்த வழி என்று முடிவு செய்த பிறகுதான் முகவரி எழுத வேண்டும்.

எந்த வழி என்றால், எனக்கு இரண்டுதான். தலைமை அஞ்சலகத்தில் இ.எம்.எஸ். எனப்படும் சர்வதேச விரைவு அஞ்சல், அல்லது பெயர்பெற்ற சர்வதேசக் கூரியர். கூரியர் வேகம், விலை அதிகம். அஞ்சல் மெதுவாகப் போகும், விலை குறைவு. தேதி நெருக்கினால் கூரியர், இல்லையென்றால் அஞ்சல். இரண்டிலுமே அடையாள அட்டை நகல் கேட்பார்கள். அதன்மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

அஞ்சலில் கொடுக்கும் எண்ணைக் கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது. பதின்மூன்று இடம் கொண்டது. முதல் எழுத்து 'ஈ' என்றால் இ.எம்.எஸ்., 'ஆர்' என்றால் பதிவு அஞ்சல், 'சி' என்றால் பார்சல். கடைசி இரண்டும் 'ஐ.என்.', இந்தியா. நடுவே இருக்கும் ஒன்பது இலக்கங்களில் கடைசியானது முன்னிருக்கும் எட்டையும் வைத்துக் கணக்கிட்டது. எண்ணைப் போனில் படிக்கும்போது ஒன்று மாறினாலும் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். 1874இல் பெர்ன் நகரில் தொடங்கிய சர்வதேச அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதனால் கவர் எல்லை தாண்டியதும் அதே எண்ணைக் கனடா போஸ்ட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். விமானம் ஏறியது என்று வந்த பிறகு சில நாள் எந்தத் தகவலும் வராது. அந்த நாட்டு அஞ்சல்துறை ஸ்கேன் செய்யும்வரை அப்படித்தான். அக்கா பதறுவாள், விடுங்கள்.

கடைத்தெருவில் 'உலகம் முழுவதும் கூரியர்' என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் ஒரு எச்சரிக்கை தேவை. பலர் கவரை வாங்கிச் சென்னையில் வேறொரு ஏஜென்டிடம் கொடுப்பார்கள், அவர் பெரிய நிறுவனத்திடம் கொடுப்பார். தெருவில் ஒருவருக்குக் கையால் எழுதிய ரசீதும் கடையின் சொந்த எண்ணும்தான் கிடைத்தன. ஒரு வாரம் கவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெரிய நிறுவனத்தின் எண்ணையே கவுன்ட்டரில் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முடியாது என்றால் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ரசீதை அங்கேயே போட்டோ எடுத்து விடுங்கள், நம் ஊர் வெயிலில் அந்த வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

'தொலைஞ்சா கூரியர்காரங்க ஈடு கொடுப்பாங்க' என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, தனியாக மதிப்பு அறிவிக்காத சரக்குக்கு 2024 டிசம்பர் 28 முதல் பொறுப்பின் உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். ஐ.எம்.எஃப்.பின் அந்தக் கணக்கு அலகு நம் பணத்தில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கால் கிலோ கவர் தொலைந்தால் ஆயிரம் ரூபாயைக்கூடத் தொடாது. காகிதத்துக்குத் தராசில்தான் விலை. அதனால்தான் மறுபடி எடுக்க முடியுமா என்ற கேள்வியை நான் முதலில் வைக்கிறேன்.

கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர்வரை இருந்த வரிவிலக்கை எடுத்ததும், அஞ்சலை யார் ஏற்றிச் செல்வது, வரியை யார் வசூலிப்பது என்ற குழப்பத்தில் இந்திய அஞ்சல்துறை அமெரிக்காவுக்கான முன்பதிவை நிறுத்தியது. முதலில் கடிதங்களுக்கு விலக்கு இருந்தது, பிறகு அதுவும் நின்றது. அக்டோபர் 15 அன்றுதான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் கல்லூரிச் சேர்க்கைக்குக் காகிதம் அனுப்ப வேண்டியவர்கள் கூரியருக்கு ஓடினார்கள்.

ஆள் மூலம் கொடுத்தனுப்புவது நம் பழைய வழி. நான் அதற்கு எதிரி இல்லை. போகிறவர் வீட்டு மனுஷராக இருக்க வேண்டும், உள்ளே என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் போகாமல் கையிலேயே இருக்க வேண்டும். ஒட்டிய கவரை யாரோ ஒருவர் கையில் திணிப்பது அவருக்கும் நல்லதில்லை, விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

இவ்வளவும் இங்கிருந்து போவது. அங்கிருந்து வருவதில்தான் இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாலாஜா நிலத்தை விற்க அக்கா எனக்குப் பவர் பத்திரம் எழுதித் தர வேண்டும். வரைவை மின்னஞ்சலில் அனுப்பியாயிற்று, அதற்குக் கவர் எதற்கு? ஆனால் கையெழுத்திட்ட அசல் வந்தே ஆக வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் இருப்பவர் அங்கே நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர் முன் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். தாள் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், இது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. கணக்கு கையெழுத்திட்ட நாளிலிருந்து இல்லை, வந்து சேர்ந்த நாளிலிருந்து. அந்த நாளுக்குச் சாட்சி கவர்தான். அதனால் வெளிநாட்டுப் பவர் வந்த உறையை யாரும் குப்பையில் போடாதீர்கள். ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரியுங்கள், தேதி முத்திரையும் சீட்டும் இருக்கும் பக்கம் முழுசாக இருக்கட்டும். பத்திரம் எழுதுபவர் கேட்டால் பவரோடு சேர்த்துக் கொடுங்கள்.

வரைவைப் படித்துவிட்டு அக்கா நேற்று போன் செய்தாள். ஒன்றுக்கு இரண்டு செட்டாகக் கையெழுத்துப் போடு, இரண்டுக்கும் சான்று வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஒன்று கூரியரில் வரட்டும். இன்னொன்று அவளிடமே இருக்கட்டும், டிசம்பரில் அவள் பெண் ஊருக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவருவாள். பெட்டியில் வேண்டாம் என்று அவளுக்கும் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறேன்.